முதல் காபி மட்டும் ஏன் புளிக்கிறது: வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தை முன்கூட்டியே சூடேற்றுவது பற்றி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் ஒற்றைப் பாய்லர் உள்ள எஸ்பிரெசோ இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறார். சுவிட்சைப் போட்ட ஐந்து நிமிடத்தில் தயார் என்று காட்டும் விளக்கு எரிகிறது. உடனே போட்டு மாமனாருக்குக் கொடுக்கும் முதல் காபி புளிப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருப்பதால் அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார். அதே தூளில், அதே அளவில் கணவருக்குப் போடும் இரண்டாவது காபி நன்றாக இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு முன்பே சுவிட்சைப் போட வேண்டும், அப்படிப் போட்டு வைத்தால் கரண்ட் வீணாகாதா என்பவை அவருடைய கேள்விகள்.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகை இயந்திரத்துக்கு 20 முதல் 25 நிமிடம் வேண்டும். அந்த நேரம் முழுவதும் போர்ட்டாஃபில்டரை, அதாவது தூள் போடும் கைப்பிடியை, இயந்திரத்திலேயே மாட்டி வைத்திருக்க வேண்டும். காபி போடுவதற்குச் சற்று முன் தூள் இல்லாமல் ஒரு முறை வெந்நீரை ஓடவிட வேண்டும். உங்கள் இயந்திரத்தில் பழுது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இதே புளிப்புக்காக நான் என் முதல் இயந்திரத்தை ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிச் சென்றேன். அவர்கள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் முதல் காபி முன்போலவே புளித்தது.

அந்த விளக்கு உண்மையில் எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர், அல்லது பாய்லரின் சுவரில் தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கும் இடம், குறித்த சூட்டை எட்டிவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆனால் தண்ணீர் பாய்லரிலிருந்து நேராகக் காபித் தூளில் விழுவதில்லை. குரூப் ஹெட் என்னும் கனத்த உலோகப் பகுதி வழியாக வந்து, சல்லடைத் தட்டில் பரவி, போர்ட்டாஃபில்டருக்குள் தூளைத் தாங்கும் துளைக் கிண்ணமான பாஸ்கெட்டில் இறங்குகிறது. இவை எல்லாம் பித்தளையும் எவர்சில்வருமாக இருப்பவை. ஐந்தாவது நிமிடத்தில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும்போது இவை அரைச் சூட்டில்தான் இருக்கும். நீங்கள் போர்ட்டாஃபில்டரைக் கழுவிப் பாத்திரக் கூடையில் வைத்திருந்து, தூளைப் போட்டு அப்போதுதான் எடுத்து மாட்டுகிறீர்கள் என்றால், அது அறையின் குளிர்ச்சியிலேயே இருக்கும்.

கோவை கணபதியில் வார்ப்புப் பட்டறை வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், எனக்கு இது உலோகத்தின் கதையாகவே படுகிறது. உருக்கிய இரும்பை உலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுபோகும் லேடிலை, நெருப்பில் நன்றாகக் காயவைக்காமல் எந்தப் பவுண்டரியிலும் பயன்படுத்தமாட்டார்கள். ஈரம் இருந்தால் ஆபத்து என்பது முதல் காரணம். குளிர்ந்த லேடிலில் ஊற்றிய இரும்பு, அச்சைச் சேர்வதற்குள் சூடு இழந்து, மெல்லிய இடங்களை நிரப்பாமல் நின்றுவிடும் என்பது இரண்டாவது காரணம். உலையில் சூடு எவ்வளவு சரியாக இருந்தாலும் வழியில் இருக்கும் பாத்திரம் அதைத் தின்றுவிடும். நான் வேலை பழகிய மேஸ்திரி, "உலையைப் பாக்காதீங்க, லேடிலைப் பாருங்க" என்று புதியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். உங்கள் சமையலறையில் பாய்லர்தான் உலை, போர்ட்டாஃபில்டர்தான் லேடில்.

எவ்வளவு சூட்டை அது தின்னும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள போர்ட்டாஃபில்டர் ஒன்று பாஸ்கெட்டோடு சேர்த்து ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். ஒரு கிராம் பித்தளையை ஒரு டிகிரி சூடேற்ற 0.38 ஜூல் போதும், தண்ணீருக்கு 4.18 ஜூல் வேண்டும். ஆகவே அரைக் கிலோ பித்தளை என்பது, சூட்டை வாங்குவதில் சுமார் 45 மில்லி தண்ணீருக்குச் சமம். 18 கிராம் தூளில் 36 கிராம் காபி எடுக்கும்போது, தூள் குடித்துக்கொள்வதையும் சேர்த்துச் செலவாகும் வெந்நீர் ஏறத்தாழ 55 கிராம். 93 டிகிரியில் இருக்கும் அந்த 55 கிராம் தண்ணீரும் 25 டிகிரியில் இருக்கும் போர்ட்டாஃபில்டரும் தங்கள் சூட்டை முழுவதும் பகிர்ந்துகொண்டால் இரண்டும் 62 டிகிரியில் வந்து நிற்கும். 25, 30 விநாடிக்குள் அந்தப் பகிர்வு முழுமையாக நடந்துவிடாது என்பதால் நிலைமை அவ்வளவு மோசமாகாது. ஆனால் காபிக்கு வேண்டியது 90 முதல் 96 டிகிரி என்னும் குறுகிய எல்லை. அதில் ஐந்தாறு டிகிரி குறைந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

குறைந்தால் ஏன் புளிக்க வேண்டும்? காபித் தூளில் உள்ள புளிப்புச் சத்துகள் எளிதில் கரைபவை, குறைந்த சூட்டிலும் முதலில் இறங்கிவிடுபவை. இனிப்பும், அடியில் நிற்கும் மெல்லிய கசப்பும், வாயில் தங்கும் கனமும் இறங்குவதற்குச் சூடும் நேரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே குளிர்ந்த உலோகத்தின் வழியே வந்த காபியில் புளிப்பு மட்டும் முன்னே வந்து நிற்கும், அதற்கு ஈடு கொடுக்க வேண்டியவை தூளிலேயே தங்கிவிடும். ஏற்காடு, வால்பாறைப் பக்கத்து அரபிக்காவை இளம் வறுவலாக வாங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். நன்றாகக் கருக வறுத்ததிலும் ரொபஸ்டா கலந்ததிலும் கசப்பு தூக்கலாக இருப்பதால் ஓரளவு மறைந்துவிடும், ஆனால் காபி நீர்த்துப்போனது போன்ற ஓர் ஏமாற்றம் அங்கும் இருக்கும். சிக்கரி கலந்த பில்டர் காபித் தூளை மட்டும் இந்த இயந்திரத்தில் போட வேண்டாம். சிக்கரி தண்ணீரில் குழகுழவென்று ஊறிப் பாஸ்கெட்டின் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் காபி கெடுவதற்குச் சூடு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. வீட்டிலேயே கொட்டை அரைக்கிறீர்கள் என்றால், முந்தின நாள் அரைத்ததில் ஓரிரண்டு கிராம் அரைக்கும் இயந்திரத்தின் பற்களுக்கிடையிலும் வாய்க்குழலிலும் தங்கி, இரவெல்லாம் காற்றுப்பட்டுப் பழசாகி, மறுநாள் முதல் காபியில்தான் வந்து விழும். காலையில் முதலில் சிறிதளவு அரைத்துத் தள்ளிவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும். அதைச் செய்த பிறகும் முதல் காபி புளித்து, இரண்டாவது சரியாக இருந்தால் குற்றம் சூட்டினுடையது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எல்லாமே ஒரே மாதிரி புளித்தால், எவ்வளவு நேரம் சூடேற்றினாலும் பயனில்லை. அரவையை நைசாக்கித்தான் பார்க்க வேண்டும். உங்கள் விவரிப்பில் இரண்டாவது காபி நன்றாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். முதல் காபியே இரண்டாவதற்காகப் போர்ட்டாஃபில்டரைச் சூடேற்றித் தருகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

20 அல்லது 25 நிமிடம் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் இயந்திரத்துக்குரிய நேரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கூர்மையான முனை உள்ள சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றும் டீக்கடையில் கொடுக்கும் மெல்லிய காகிதக் கோப்பைகள் சிலவும் போதும். காகிதக் கோப்பை ஏன் என்றால் அது தன் பங்குக்குச் சூட்டை ஏறக்குறைய வாங்கிக்கொள்வதே இல்லை, பீங்கான் கோப்பையில் அளந்தால் கோப்பையின் குளிர்ச்சியையும் சேர்த்தே அளப்பீர்கள். விளக்கு எரிந்ததும், தூள் இல்லாத போர்ட்டாஃபில்டர் வழியாக 50 மில்லி தண்ணீரைக் கோப்பையில் பிடித்து உடனே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது தொடங்கி, 15 நிமிடம் கழித்து மட்டும் பிடித்து அளக்க வேண்டும். அதற்கடுத்த நாள் 25 நிமிடம். மூன்றையும் ஒரே நாளில் பிடித்தால், முதலில் ஓடிய வெந்நீரே உலோகத்தைச் சூடேற்றிவிட்டு அடுத்த அளவைக் கெடுத்துவிடும், அதனால்தான் மூன்று காலைகள். ஒற்றைப் பாய்லரில் ஹீட்டர் விட்டு விட்டு எரியும், தண்ணீரின் சூடும் அதோடு ஏறி இறங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்த அதே கணத்தில் பிடிப்பது முக்கியம். 15க்கும் 25க்கும் இடையே ஒரு டிகிரி கூட வேறுபாடு இல்லையென்றால் உங்களுக்கு 15 நிமிடமே போதும்.

இனிச் செய்முறை. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டு, பாஸ்கெட்டோடு கூடிய போர்ட்டாஃபில்டரை மாட்டி வையுங்கள். இறுக்கித் திருக வேண்டாம், தொங்கும் அளவுக்குத் திருகினால் போதும், ரப்பர் வாஷர் நீண்ட நாள் உழைக்கும். காபி போடப்போகும் நேரத்தில் தூள் இல்லாமல் ஒரு முறை வெந்நீரை ஓடவிட்டு, அதை உங்கள் கோப்பையிலேயே பிடியுங்கள், கோப்பையும் சூடாகும். பிறகு விளக்கு மறுபடி எரியும்வரை நிற்க வேண்டும், ஓடவிட்ட தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் பாய்லருக்குள் நுழைந்திருக்கும். கொட்டையை அரைத்துத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே போர்ட்டாஃபில்டரைக் கழற்றுங்கள். உலர்ந்த துணியால் பாஸ்கெட்டின் உட்புறத்தைத் துடைத்து, தூளைப் போட்டு, சமன்செய்து, அழுத்தி, அரை நிமிடத்துக்குள் மீண்டும் மாட்டிவிட வேண்டும். சூடான பாஸ்கெட்டில் தூளைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் தூள் அங்கேயே வாட ஆரம்பிக்கும்.

நம் வீடுகளில் எல்லாரும் செய்யும் ஒரு தவறு இந்த அரை நிமிடத்தில்தான் நடக்கிறது. கழற்றிய போர்ட்டாஃபில்டரைக் கிரானைட் மேடை மீது வைத்துத் தூளை அழுத்துவோம். கிரானைட் தொட்டவுடன் சில்லென்று இருப்பது அது கையின் சூட்டை விரைவாக இழுப்பதால்தான், பித்தளையின் சூட்டையும் அது அப்படியே இழுக்கும். 25 நிமிடம் காத்துச் சேர்த்ததில் ஒரு பங்கை அந்தக் கல்லுக்குக் கொடுத்துவிடுகிறோம். நான்காக மடித்த துண்டு ஒன்றையோ ரப்பர் விரிப்பையோ போட்டு அதன் மேல் வையுங்கள். என் வீட்டு மேடையில் அதற்காகவே பழைய ஈரோட்டுத் துண்டு ஒன்று நிரந்தரமாகக் கிடக்கிறது.

இயந்திரத்தின் வகைக்கு ஏற்ப இந்த நேரம் மாறும். பாய்லரே இல்லாமல், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் வகையில் 25 நிமிடம் போட்டு வைப்பதால் பெரிய பயன் இல்லை, சும்மா நிற்கும்போது குரூப் ஹெட்டுக்குச் சூடு போவதே குறைவு. அங்கே இரண்டு மூன்று முறை வெந்நீரை ஓடவிடுவதே வழி. ப்ரெவில் பாம்பினோ மூன்றே விநாடியில் தயாராகிவிடும் என்கிறார்கள். அந்த மூன்று விநாடி தண்ணீருக்கானது, கையில் இருக்கும் போர்ட்டாஃபில்டருக்கு ஆனதல்ல. இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது இ61 குரூப். இத்தாலியின் ஃபேமா நிறுவனத்தார் 1961இல் கொண்டுவந்ததும், அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தை ஒட்டிப் பெயரிடப்பட்டதுமான அந்த அமைப்பில், ஏறத்தாழ நான்கு கிலோ பித்தளை இயந்திரத்தின் முகப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாய்லரின் வெந்நீர் மேலேறியும் ஆறியது கீழிறங்கியுமாக அதனுள் சுற்றிக்கொண்டே இருந்து அதைச் சூடாக வைத்திருக்கும். அந்தச் சுற்று நிலைப்படுவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், முக்கால் மணி என்றால் இன்னும் நல்லது. ஒரு முறை சூடேறிவிட்டால் அடுத்தடுத்துப் பத்துப் பேருக்குப் போட்டாலும் அசையாது.

ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது காபிக்கான தண்ணீரைப் பாய்லருக்குள் செல்லும் ஒரு குழாயில் சூடாக்கும் அமைப்பு, உள்ள இயந்திரங்களில் சிக்கல் தலைகீழானது. நெடுநேரம் சும்மா நின்றால் குழாயில் தங்கிய தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும், காபி கருகிய கசப்போடு வரும். ஆகவே போடுவதற்கு முன், சீறிக்கொண்டு வரும் தண்ணீரைச் சீற்றம் அடங்கும்வரை ஓடவிட்டு, அதற்கு மேலும் சில விநாடிகள் விட வேண்டும் என்பார்கள். அந்தச் சில விநாடிகள் ஊருக்கு ஊர் மாறும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமுள்ள கோவையில் தண்ணீர் ஏறத்தாழ 98.5 டிகிரியில் கொதிக்கிறது, சீற்றம் அடங்கும்போது தண்ணீர் இன்னும் தேவைக்கு மேல் சூடாகத்தான் இருக்கும். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் கொதிநிலையே 93 டிகிரிக்குப் பக்கம்தான். அங்கே சீற்றம் அடங்கும் அந்தக் கணமே காபிக்கு உகந்தது, கோவைக்காரரின் கணக்கைப் பார்த்து மேலும் ஓடவிட்டால் குளிர்ந்துவிடும்.

தோட்டத்து வீடு என்று எழுதியிருப்பதால் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒன்று மின்னழுத்தம். மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது வீட்டில் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டுக்கு வடிவமைத்த ஹீட்டர் 200 வோல்ட்டில் தன் திறனில் நான்கில் மூன்று பங்கையே தரும். அந்த நேரங்களில் ஐந்தாறு நிமிடம் கூடுதலாகக் காத்திருங்கள். பம்பின் அழுத்தமும் கூடவே குறைவதால், எப்போதும் இப்படித்தான் என்றால் இயந்திரத்தின் வாட்டுக்குப் போதுமான ஸ்டெபிலைசர் ஒன்று வைப்பது நல்லது. மற்றொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று உங்கள் ஊர்வரை வரும். சன்னலுக்கு நேரே வைத்த இயந்திரத்தின் குரூப் அந்தக் காற்றில் ஒருநாளும் முழுச் சூட்டை எட்டாது. இயந்திரத்தைச் சுவர் மூலைக்கு நகர்த்துங்கள், அல்லது அந்த அரை மணி நேரம் சன்னலைச் சாத்துங்கள். மார்கழிக் குளிரிலும் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை குறைவு, ஆனால் காங்கேயத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு ஹீட்டர் மேல் படிந்து சூடு தண்ணீருக்குப் போவதைத் தடுக்கும். ஆறு மாதத்துக்கு முன் 15 நிமிடத்தில் சூடான இயந்திரம் இப்போது 25 நிமிடம் கேட்கிறது என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கரண்ட் கணக்குக்கு வருகிறேன். உங்கள் அளவு இயந்திரத்தில் பாய்லர் தண்ணீரையும் ஐந்து கிலோ உலோகத்தையும் சூடேற்றி, காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால், என் கணக்கில் ஒரு காலைக்குப் பத்தில் ஒரு யூனிட் அளவில்தான் வருகிறது. இரண்டு மாத பில்லுக்கு ஆறு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இ61 இயந்திரத்தில் இது இரண்டு மூன்று மடங்காகும். மாமனார் குடிக்காமல் வைத்துவிடும் முதல் காபியில் தினமும் 18 கிராம் தூள் போகிறது, அதே 60 நாளில் அது ஒரு கிலோவைத் தாண்டுகிறது. அதிகாலையில் எழுந்து சுவிட்சைப் போடுவது சிரமம் என்றால் 16 ஆம்பியர் டைமர் சாக்கெட் வாங்கலாம். ஆனால் மேலும் கீழும் அழுத்தும் பழைய பாணிச் சுவிட்சு உள்ள இயந்திரங்களுக்குத்தான் அது உதவும், தொடு பொத்தான் உள்ளவை மின்சாரம் வந்தாலும் அணைந்தே இருக்கும். இரவே தொட்டியை நிரப்பி வைப்பதை மறக்கக் கூடாது. சில இயந்திரங்கள் 20, 30 நிமிடத்தில் தாமாகவே அணைந்துகொள்ளும், உங்களுடையது அப்படியா என்று கையேட்டில் பாருங்கள்.

கடைசியாகக் கோப்பை. வெதுவெதுப்பு என்று நீங்கள் எழுதியதில் பாதிப் பழி கோப்பைக்கும் உண்டு. 100 கிராம் எடையுள்ள பீங்கான் கோப்பை 28 டிகிரியில் இருக்க, அதில் 80 டிகிரியில் 36 கிராம் காபி விழுந்தால் இரண்டும் சேர்ந்து 62 டிகிரிக்கு வந்துவிடும். டபரா டம்ளரை வெந்நீரில் அலசிவிட்டு டிகாக்ஷன் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் பலரிடம் இன்றும் இருக்கிறது, அதையே இங்கும் செய்யுங்கள். இயந்திரத்தின் மேல்தட்டில் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் ஓரளவுதான் சூடாகும், வெந்நீர் ஊற்றி வைத்துக் காபி போடும் முன் கொட்டுவதே உறுதியானது.

மூன்று காலைகள் அளந்து, அந்த மூன்று எண்களையும், இயந்திரம் சன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும், காலையில் வோல்டேஜ் எவ்வளவு காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் மாமனார் டம்ளரைக் கீழே வைத்தால், அடுத்து அரவையைப் பார்ப்போம்.